வைக்கோல் போருக்கு அடியில் ஒரு படகு

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. அறுப்பு இல்லை, அதனால் புது வைக்கோலும் இல்லை. முந்தின வருஷத்துப் போரிலிருந்தே மாடுகளுக்குப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தோம். மாசியில் ஆள் உயரத்துக்கு மேல் இருந்த போர், பங்குனியில் இடுப்பளவுக்கு வந்தது. சித்திரையில் ஒருநாள் காலை நான் கூடையோடு போய் அடிவைக்கோலை இழுத்தபோது கையில் மரம் தட்டுப்பட்டது.

அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கரையான் ஏறாமலும் தரையின் ஈரம் படாமலும் இருக்க, போருக்கு அடியில் கல்லோ கட்டையோ போட்டு மேடை கட்டுவார்கள். ஆனால் இந்தப் பலகை நேராகப் போகவில்லை. தடவிக்கொண்டே போனால் மெல்ல வளைந்து, குறுகி, முனையில் இன்னொரு பலகையோடு சேர்ந்துகொண்டது. மேடை எதற்கு இப்படிக் குவிய வேண்டும்? கூடையைப் போட்டுவிட்டு மிச்சத்தை எல்லாம் வாரித் தள்ளினேன். என் எதிரில் ஒரு படகு குப்புறக் கிடந்தது.

நான் பெரம்பூரில் ஒண்டுக்குடித்தனத்தில் பிறந்து வளர்ந்தவள். ஒரு வாசலுக்குள் பல குடும்பம், எல்லாருக்கும் ஒரே குழாய். எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளைக்கு அம்பத்தூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஃபிட்டர் வேலை. அவர் சொந்த ஊர் ஒரகடத்தைத் தாண்டி, ஏரியை ஒட்டிய ஒரு சின்ன கிராமம். கம்பெனி ஆட்கள் சிலரோடு சேர்ந்து ஒரே அறையில் தங்கியிருந்தார். அங்கே பெண்டாட்டியைக் கூட்டிப் போக முடியாது. "ரூம் கெடைக்கிற வரைக்கும் பொண்ணு ஊர்ல இருக்கட்டும்" என்று கல்யாணப் பேச்சிலேயே முடிவாகிவிட்டது. எத்தனை நாளைக்கு என்று அப்பா கேட்டார், அம்மா கேட்டாள். "அதுக்கென்ன, ரெண்டு மாசம்" என்று அவர்கள் வீட்டில் சொன்னார்கள்.

படகைக் கண்டபோது அந்த இரண்டு மாசம் இரண்டு வருஷத்தைத் தாண்டியிருந்தது.

அவர் சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்குவார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவார். அந்த இடைவெளிதான் எங்கள் குடித்தனம். மற்ற நாட்களில் அந்த வீட்டில் என் வீட்டுக்காரருடைய அண்ணன், அவர் மனைவி, பள்ளிக்கூடம் போகிற அவர்கள் பிள்ளைகள் இரண்டு பேர், மாடுகள், நான். மூத்தாரை நான் மாமா என்று கூப்பிடுவேன். கூப்பிட வேண்டிய அவசியம் அதிகம் வந்ததில்லை. அவர் பேசுகிறவர் அல்ல. கோபக்காரரும் அல்ல. ஒருமுறை சொன்னதை மறுபடி எடுக்க மாட்டார், அவ்வளவுதான். அவர் மனைவி, என் ஓரகத்தி, எனக்கு அக்கா. என்னைவிட ஏழெட்டு வயது பெரியவள். எனக்கு மாட்டு வேலை தெரியாது என்று அவள் ஒருநாளும் குத்திக்காட்டியது கிடையாது. பால் கறக்கப் பழக்கியதும் அவள்தான். "மடிய பாத்து பயப்படாத. அது உன்ன பாத்து பயப்படப் போவுது" என்பாள்.

வாசலில் நின்றால் ஏரிக்கரை தெரியும். கரையில் பனைமரங்கள், பின்னால் வயல், அதற்குப் பின்னால் வயல். இன்று கம்பெனிகளின் மதில் நிற்கிற இடத்தில் எல்லாம் அன்று நெல் ஆடியது. பார்க்க வருகிறவர்களுக்கு அது அழகாக இருந்திருக்கலாம். எனக்கு அது பெரம்பூரிலிருந்து விலகிய தூரமாகத்தான் தெரிந்தது. வேலை முடிந்து மத்தியானம் உட்கார்ந்தால் பேச ஆள் இருக்காது, கேட்கச் சத்தம் இருக்காது. பெரம்பூரில் பக்கத்து வீட்டுக் குழம்பு கொதிக்கும் சத்தம்கூடக் கேட்கும்.

வாராவாரம் அவர் பையைக் கீழே வைத்ததும் நான் கேட்பது ஒரே கேள்வி: "ரூம் பாத்தீங்களா?"

"பாத்துக்கினுதான் கீறேன்."

அதற்கு மேல் என்ன கேட்பது? சில வாரம் அழுதிருக்கிறேன், சில வாரம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்திருக்கிறேன். அந்தச் சனிக்கிழமை எனக்கே அந்தக் கேள்வி சலித்துப்போய், வேறு ஏதாவது பேசலாம் என்று, "நம்ம வைக்கபோருக்கு அடில ஒரு படகு கீதுங்க" என்று சொன்னேன்.

காபி டம்ளரைக் கையில் பிடித்தபடியே எழுந்து போனார். நான் பின்னால் போனேன். படகைச் சுற்றி வந்தார். குனிந்து ஒரு பக்கம் முழுக்கத் தட்டித் தட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதுவரை கண்டதில்லை. கல்யாணத்தன்றும் கண்டதில்லை.

"அண்ணா, இது நம்ம அப்பாவுதா?" என்று கத்தினார்.

மூத்தார் தொழுவத்திலிருந்து வந்தார். "அப்பாவுதுதான். ரோடு வர்றதுக்கு முன்னாடி ஏரி ரொம்பிச்சின்னா அக்கரைக்கு ஆளுங்கள ஏத்திக்கினு போவாரு. ரோடு வந்தப்புறம் எவன் ஏறப் போறான்? கவுத்துட்டாரு. அப்ப நீ கைக்கொழந்த."

"சொல்லவேயில்ல?"

"போருக்கு அடில கெடக்குறத இன்னாத்த சொல்றது."

மறுநாள் காலையில் நாலு பேரைக் கூப்பிட்டுப் படகைப் புரட்டினார்கள். ஒரு பக்கத்தில் மேல் பலகைகளைக் கரையான் தின்றிருந்தது, தொட்டால் உதிர்ந்தது. அடிப்பக்கம் இலுப்பை மரம், இரும்பு மாதிரி இருந்தது. ஆனால் இத்தனை வருஷம் வைக்கோல் சூட்டில் காய்ந்து பலகைகள் சுருங்கிவிட்டன. இடுக்குகள் விரிந்து, உள்ளே உட்கார்ந்து பார்த்தால் தரை தெரிந்தது. சல்லடை என்றேன். "பண்ணிடலாம்" என்றார் அவர்.

இப்படித்தான் என் ஞாயிற்றுக்கிழமைகள் படகுக்குப் போயின.

அவர் பையில் முன்பு எனக்குப் பூவும் பிள்ளைகளுக்கு பிஸ்கட்டும் வரும். இப்போது உளி, ஆணி, கயிற்றுக் கத்தை. காசிமேட்டில் படகு கட்டுகிறவர்களிடம் கேட்டு, இடுக்கில் பூசக் குங்கிலியம் வாங்கி வந்தார். கெட்டுப்போன பலகைகளைக் கழற்றி எறிந்தார். புதுப் பலகை நேராக இருந்தது, படகின் வயிறோ வளைவு. பலகையைக் கோணியால் சுற்றி, அதன்மேல் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்ற வேண்டும். மரம் தளர்ந்து கொடுக்கும்போது கயிற்றால் இறுக்கிக் கட்டிக் கல்லைத் தொங்கவிட வேண்டும். தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தது நான். தொழுவத்துப் பக்கம் மூன்று கல்லை வைத்து, பனை மட்டை எரித்து, அண்டா அண்டாவாக. வெயிலில் அடுப்புப் புகையில் நின்றுகொண்டு ஒருநாள் கேட்டேன், "எனக்கு ஒரு ரூம் பாக்குறதுக்கு இவ்ளோ அக்கற காட்டினீங்களா?"

அவர் நிமிர்ந்து பார்க்காமல், "அதான் பாத்துக்கினு கீறேனே. இந்தக் கயித்த புடி" என்றார்.

பிடித்தேன். பிடிக்காமல் எங்கே போவது?

வாரநாட்களில் செய்யச் சொல்லிச் சில வேலை வைத்துவிட்டுப் போவார். இடுக்குகளில் அடைத்து மக்கிப்போன பழைய பருத்தித் திரியை எல்லாம் கொக்கியால் நோண்டி எடுக்க வேண்டும். பலகைக்குப் புங்க எண்ணெய் தேய்க்க வேண்டும். எனக்கு அதில் துளியும் மனசு இல்லை. ஆனால் அக்கா மத்தியானம் பாத்திரம் கவிழ்த்ததும் கொக்கியை எடுத்துக்கொண்டு படகுக்குள் இறங்கிவிடுவாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூலைமுடுக்கெல்லாம் நோண்டுவாள். நகத்துக்குள் அழுக்கு ஏறி, விரல் வெடித்தது. அவளுக்கு ஏன் இவ்வளவு ஆசை என்று எனக்கு முதலில் விளங்கவில்லை.

"இன்னாக்கா, நீ ஓட்டப் போறியா?"

"ஓட்டறவங்க ஓட்டட்டும். நான் குந்திக்கினு போறேன்."

"எங்க?"

அவள் கொக்கியை நீட்டி ஏரிக்கு அந்தப் பக்கம் காட்டினாள்.

அவள் பிறந்த வீடு அங்கேதான். எதிர்க்கரையில், புளியமரத்துக்கு இடதுபுறம், கூரை நன்றாகவே தெரியும். காலையில் அடுப்புப் புகை எழும்புவது தெரியும். ஆள் தெரியும், முகம் தெரியாது. இரண்டு ஊருக்கும் பாசனத்துக்கு இந்த ஒரே ஏரி. நான் வருவதற்கு முன்னால், தண்ணீர் குறைந்த ஒரு வருஷத்தில், மதகைத் திறப்பதில் தகராறு வந்திருக்கிறது. அந்த ஊர் ஆட்களோடு நின்றவர் அக்காவின் அண்ணன். இந்த ஊர் ஆட்களோடு நின்றவர் மூத்தார். தள்ளுமுள்ளுவில் அண்ணன் மூத்தாரின் வேட்டியை உருவிவிட்டார். இரண்டு ஊரும் பார்த்துக்கொண்டிருந்தது. மூத்தார் வீட்டுக்கு வந்து அக்காவிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னாராம்: "அந்த வூட்டுக்கு நடந்து போனன்னா, அங்கியே இருந்துக்க."

அதோடு சரி. வளைகாப்பு, காது குத்து, பொங்கல் சீர், எல்லாம் நின்றுவிட்டது. கரைமேல் நடந்தால் அரைமணி நேரம்கூட ஆகாத இடம். அந்தக் கோடையில் ஏரி வறண்டு கிடந்ததால் குறுக்கே இன்னும் சீக்கிரம் போய்விடலாம். வறண்ட நாட்களில் அக்கா அந்தப் பக்கம் திரும்பவே மாட்டாள். நடுவில் தண்ணீர் இருந்தால் தண்ணீரைக் காரணம் சொல்லிக்கொள்ளலாம். வெறும் தரையாகக் கிடக்கும்போது காரணம் ஊருக்கே தெரியும்.

"மாமா விடுவாரா?" என்றேன்.

"நடந்து போவக்கூடாதுன்னுதான சொன்னாரு. படகுல போனா நடக்கறதா?"

சிரித்தாள் என்று நினைத்துப் பார்த்தேன். சிரிக்கவில்லை. பல நாள் யோசித்து வைத்திருந்த பதில் அது.

அன்றிலிருந்து நானும் கொக்கியை எடுத்தேன். படகின்மேல் எனக்குக் கோபம் போகவில்லை. ஆனால் அவளைத் தனியாக நோண்ட விட மனசு வரவில்லை.

ஆடிக் காற்று முடிவதற்குள் பலகை வேலை தீர்ந்தது. எண்ணெயில் ஊறவைத்த பருத்தித் திரியை இடுக்கெல்லாம் வைத்து மொண்ணை உளியால் அடித்து இறுக்கினார் என் வீட்டுக்காரர். பிறகு குங்கிலியத்தைப் பொடித்து எண்ணெயில் காய்ச்சி, சூடாகவே பூசினோம். அந்த நெடி ஒரு வாரம் சோற்றில் இருந்தது. படகு கறுத்து, மினுமினுவென்று நின்றது. பிள்ளைகள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். மூத்தார்கூட ஒருநாள் சாயங்காலம் அதன் விளிம்பில் கை வைத்துக்கொண்டு சும்மா நின்றார். பிறகு, "நடு ஏரி திட்டுல புல்லு நல்லா வரும். மாட்டுக்கு அறுத்தாரலாம்" என்றார். அவர் கணக்கில் படகு அதற்குத்தான்.

ஆவணியில் சாயங்கால மழை நாலைந்து பெய்து, மதகை ஒட்டிய பள்ளத்தில் தண்ணீர் கட்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை படகை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினார்கள். நானும் அக்காவும் கரைமேல் நின்றோம். படகு மிதந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் பலகைகளுக்கு நடுவே தண்ணீர் கசியத் தொடங்கியது. இறைப்பதற்குப் பதிலாக என் வீட்டுக்காரர் ஒரு வாளியை எடுத்து, பள்ளத்துத் தண்ணீரை மொண்டு மொண்டு படகுக்குள்ளேயே ஊற்றினார். உள்ளே கல்லையும் வைத்தார். எங்கள் கண் முன்னால் படகு மெதுவாக முழுகி, குமிழ் விட்டுக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்தது.

அக்கா அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று வந்தது. "இன்னாத்துக்கு தம்பி? இவ்ளோ பாடுபட்டது இன்னாத்துக்கு?"

அவர் ஓடி வந்தார். "அண்ணி, அழுவாதீங்க. மரம் தண்ணி குடிக்கணும். குடிச்சி உப்பிச்சின்னா இடுக்கு தானா மூடிக்கும். அப்பறம் எடுத்துடலாம்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஆனால் அதன் பிறகு, எருமுட்டை தட்டவோ விறகு பொறுக்கவோ போகிற சாக்கில், தினமும் அந்தப் பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். கலங்கல் தண்ணீரில் ஒன்றும் தெரிந்திருக்காது.

ஐப்பசியில் மழை வெளுத்து வாங்கியது. ஏரி ஏறிக்கொண்டே வந்தது, ரோட்டில் ஓரிடத்தில் முழங்கால் தண்ணீர் ஓடியது, பஸ் நின்றது. இரண்டு வாரம் என் வீட்டுக்காரர் வரவில்லை. கூரை ஒழுகாத ஒரு மூலையில் பாயைப் போட்டுக்கொண்டு நான் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தேன். பெரம்பூரில் இந்நேரம் அம்மா என்ன செய்வாள் என்று நினைப்பேன். போய்விடலாம் என்றும் நினைப்பேன். போனால் அந்த ஒற்றை அறையில் அண்ணன் பெண்டாட்டிக்குப் பக்கத்தில் எனக்கு எங்கே பாய் விரிப்பது? வாழாவெட்டியாக வந்துவிட்டாள் என்று குழாயடியில் பேசுவார்கள். எதிர்க்கரையாவது அக்காவின் கண்ணுக்குத் தெரிகிறது. என்னுடையது தெரியக்கூட இல்லை.

மழை விட்டதும் அவர் வந்தார். ஆட்கள் முழுகிக் கல்லை எடுத்துவிட்டு, படகைக் கரைக்கு இழுத்து இறைத்தார்கள். மரம் உப்பியிருந்தது. கசிவு நின்றுவிட்டது, புதுப் பலகை சேர்கிற ஒரு இடத்தைத் தவிர. திட்டுக்குப் போய்ப் புல் அறுத்து வந்தார்கள். "பொம்பளைங்க ஏற வேணாம்" என்று மூத்தார் பொதுவாகச் சொல்லி வைத்தார். யாரும் ஏறக் கேட்டிருக்கவில்லை.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூத்தார் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போனார். மத்தியானத்துக்கு மேல்தான் திரும்புவார். அவர் தலை மறைந்ததும் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் எதிரில் வந்து நின்றாள்.

"தம்பி, என்ன அந்தக் கரைல வுட்டுட்டு வா. எங்க அம்மாவ பாத்துட்டு வந்துடறேன்."

அவர் பயந்துவிட்டார். "அண்ணனுக்குத் தெரிஞ்சா, அண்ணி..."

"சொல்லிட்டா போறேன்? பாத்துட்டு ஒடனே வந்துடலாம்."

அவர் என்னைப் பார்த்தார். நான் 'வேண்டாம்' என்று சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். "எனக்கு ஒரு ரூம் பாக்க முடியல. இத்தயாவது பண்ணுங்க" என்றேன்.

மூன்று பேரும் போனோம். அவர் பின்னால் நின்று கழி ஊன்றினார், ஆழம் வந்ததும் துடுப்பு போட்டார். புதுப் பலகைப் பக்கம் தண்ணீர் கசிந்தது, நான் டப்பாவால் இறைத்துக்கொண்டே வந்தேன். அக்கா முன்முனையில் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. நடு ஏரியில் ஒருமுறை நான் மட்டும் திரும்பிப் பார்த்தேன். எங்கள் வீடு தீப்பெட்டி அளவுக்கு இருந்தது. அதற்குள்தான் இத்தனை நாளும் இருந்தோமா என்று தோன்றியது. அந்த ஒரு நிமிஷம் நெஞ்சு லேசாக இருந்தது, மறைக்க மாட்டேன்.

கரையில் ஒருவர் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் மாட்டை விட்டுவிட்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்து படகின் முனையைப் பிடித்தார். அக்காவின் அண்ணன்.

"இப்பதான் வரத் தோணிச்சா?" என்றார்.

"இன்னாண்ணா ஆச்சி?"

"ஆடி மாசமே சொல்லி அனுப்பிச்சனே."

ஆடி மாசம் அவர்கள் அம்மா வாசல்படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டதாம். புத்தூர் கட்டு கட்டியும் சேரவில்லை, எழுந்திருக்கவில்லை. பால் எடுக்க வருகிறவரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பால்காரர் மூத்தாரிடம் சொல்லியிருக்கிறார். மூத்தார் அதைத் தன்னோடே வைத்துக்கொண்டார்.

உள்ளே போனோம். கயிற்றுக் கட்டிலில் ஒரு சின்ன உருவம் கிடந்தது. அக்கா கால்மாட்டில் போய் நின்றாள். அம்மா கண்ணைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். "யாரு வூட்டுப் பொண்ணு?" என்றாள்.

அக்கா அழவில்லை. தண்ணீர் கேட்டாள், வெந்நீர் வைத்தாள், துணி நனைத்து அம்மாவின் முதுகைத் துடைத்தாள். படுக்கைப் புண் வந்திருந்தது. அவள் துடைத்து, புடவை மாற்றி, கஞ்சி ஊட்டி முடிக்கும்வரை நாங்கள் வாசலில் இருந்தோம். வெயில் சாயத் தொடங்கியதும் என் வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி, "அண்ணி, போலாமா?" என்றார்.

"நீங்க போங்க தம்பி. நான் வர்ல."

"அண்ணன் இன்னா சொல்லுவாரு..."

"அங்கியே இருந்துக்கன்னு சொன்னாரு. இருந்துக்கறேன்னு சொல்லு. பசங்கள ஞாயித்துக்கெழமல கூட்டியா."

பிறகு என்னிடம் வந்தாள். என் கன்னத்தைத் தொட்டாள். "செவல மாடு எடது மடில ஒதைக்கும். பாத்து" என்றாள்.

திரும்பி வரும்போது படகு லேசாகிவிட்டது. முன்முனை தூக்கிக்கொண்டு நின்றது. தண்ணீரை இறைத்தபடி நான் எதிரே வருகிற வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது பெரிதாகிக்கொண்டே வந்தது. அக்கா செய்தது சரி என்று எனக்குத் தெரியும். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். ஆனால் அடுப்பு, தொழுவம், இரண்டு பிள்ளைகள், மூத்தாருக்கு வேளாவேளைக்குச் சோறு, எல்லாம் இனி யார் தலையில் என்பதும் எனக்குத் தெரிந்துவிட்டது.

மூத்தார் வந்ததும் சுற்றிப் பார்த்தார். "எங்க?"

என் வீட்டுக்காரர் தலை குனிந்துகொண்டு, "அக்கரைல. அவங்க அம்மா படுத்த படுக்கயா கீறாங்கண்ணா" என்றார்.

"நடந்தா போனா?"

"இல்லண்ணா. படகுல."

மூத்தார் தொழுவத்துப் பக்கம் போனார். கால் கழுவிக்கொண்டு வந்து மணையில் உட்கார்ந்தார். நான் சோறு போட்டேன். சாப்பிட்டார்.

அந்த மாதங்களைப் பற்றி விரிவாகச் சொல்ல என்ன இருக்கிறது? விடியும் முன் சாணி, பிறகு பால், பிறகு பிள்ளைகளுக்குச் சோறு கட்டுவது, பிறகு களத்து வேலை. செவலை மாடு என்னை உதைத்தது, தொடையில் கன்றிப்போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்காரர் பிள்ளைகளைப் படகில் அக்கரைக்குக் கூட்டிப் போவார். மூத்தார் தடுக்கவில்லை. நான் கூடப் போகவில்லை. மாட்டை யார் பார்ப்பது? பிள்ளைகள் அங்கிருந்து திரும்பும்போது தலை வாரி, எண்ணெய் மின்ன வருவார்கள். அவர்கள் அம்மாவின் கையை அவர்கள் தலையில் பார்ப்பேன். எனக்கு அவள்மேல் ஆத்திரம் வரும். பிறகு அந்தக் கட்டிலை நினைத்து அடங்கிவிடும்.

தை மாசம், பொங்கல் முடிந்த சனிக்கிழமை, என் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாப்பிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தார். பையைக்கூட வைக்கவில்லை.

"ரூம் கெடைச்சிடிச்சி!"

வில்லிவாக்கத்தில். ஓட்டு வீட்டின் பின்கட்டு. ஒரு அறை, சமைக்க ஒரு தடுப்பு, கிணறு பக்கத்திலேயே. ஜன்னலைத் திறந்தால் தெரு. அவர் கையால் காற்றில் வரைந்து காட்டினார், கதவு இங்கே, அடுப்பு இங்கே என்று. அவர் உண்மையாகவே தேடிக்கொண்டுதான் இருந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தொழுவத்தில் மூத்தார் கன்றுக்குட்டியைப் பிடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்திருக்கும். நிமிர்ந்து பார்க்கவில்லை. "போம்மா" என்றும் சொல்லவில்லை, "இரு" என்றும் சொல்லவில்லை. சின்னவன் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்கு முதல்நாளிலிருந்து காய்ச்சல்.

"அக்கா வரட்டும்" என்றேன்.

"அதுவரைக்கும் ரூம் இருக்காதுடி."

"தெரியும்."

அவர் என்னையே பார்த்தார். எத்தனையோ வாரம் அழுது கேட்டதை நானே வேண்டாம் என்று சொல்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. எனக்கு மட்டும் புரிந்ததா? யாராவது என்னைப் பிடித்துக் கட்டிப் போட்டிருந்தால் அறுத்துக்கொண்டு போயிருப்பேன். ஒருவரும் கட்டவில்லை. அறுப்பதற்குக் கயிறே இல்லை. ரூம் வேறு யாருக்கோ போனது.

பங்குனியில் அக்காவின் அம்மா இறந்துபோனாள். சேதி வந்ததும் மூத்தார் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கரைமேலேயே நடந்து போனார். அந்த வீட்டு வாசலில், பந்தலுக்கு வெளியே, எடுக்கிறவரை நின்றாராம். அக்காவின் அண்ணனும் அவரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் பாடையைத் தூக்கும்போது ஒரு பக்கம் தோள் கொடுத்திருக்கிறார். காரியம் முடிந்து சில நாளில் அக்கா நடந்தே வந்தாள், பட்டப்பகலில், நடுரோட்டில். மெலிந்து கறுத்திருந்தாள். மூத்தார் வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். அவள் உள்ளே போக வழி விட்டுக் காலை மடக்கிக்கொண்டார். அவர்களுக்குள் பேச்சு அவ்வளவுதான். பால்காரர் கொண்டுவந்த சேதியை ஏன் மறைத்தார் என்று அவள் கேட்டாளா, அவர் பதில் சொன்னாரா, எனக்குத் தெரியாது.

மறுநாள் விடியலில் நான் செம்பை எடுக்கப் போனபோது அவள் ஏற்கெனவே மாட்டுக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள். "போய்த் தூங்கு" என்றாள். போய்ப் படுத்தேன். முகத்தில் வெயில் அடிக்கிறவரை தூங்கினேன்.

வில்லிவாக்கத்துக்குப் பிறகு ரொம்ப நாள் ரூம் கிடைக்கவில்லை. கிடைத்தபோது எனக்கு வயிற்றில் பிள்ளை, அப்புறம் கைப்பிள்ளை, அப்புறம் இன்னொன்று. பிறகு கேட்பதை நிறுத்திவிட்டேன். எண்பதுகளில் ஒரு வருஷம் அவர் கம்பெனியில் கதவை மூடினார்கள், மறுபடி திறக்கவில்லை. அவர் டிரங்குப் பெட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். நான் அங்கே போய்ச் சேர வேண்டும் என்று கல்யாணம் செய்தோம். அவர் இங்கே வந்து சேர்ந்தார்.

படகு நாலைந்து மழைக்குப் புல் கொண்டுவந்தது. பிறகு ஏரி மீன் குத்தகை எடுத்தவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். வேறு ஏரிக்கு வண்டியில் ஏற்றிப் போனதைப் பார்த்தேன். அதன் பிறகு அதைப் பற்றிக் கேள்விப்படவில்லை.

அக்காவும் நானும் அதைப் பற்றி ஒரே ஒருமுறைதான் பேசினோம். என் பெரிய பெண்ணுக்குச் சென்னையில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம். களத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தோம். முறத்தை நிறுத்திவிட்டு அவள் திடீரென்று, "அன்னிக்கி ரூம் கெடைச்சப்போ நீ போயிருக்கணும்" என்றாள்.

"உன் பசங்களுக்கு யாரு சோறு ஆக்கறது?"

"அவங்க அப்பன் ஆக்கியிருப்பான். இல்லன்னா என்ன வந்து கூட்டினு போயிருப்பான்."

"மாட்ட யாரு கறக்கறது?"

"ஒருநாளு கறக்கலன்னா மாடு செத்தா பூடும்?" என்றாள்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. இத்தனை வருஷம் கழித்து, இவ்வளவு சுலபமாகச் சொல்கிறாளே என்று. ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். குற்றம் சொல்லும் முகமாக அது இல்லை. எனக்காக வருத்தப்பட்ட முகம். முறத்தைக் கையில் எடுத்தேன். அவளும் எடுத்தாள். காற்று சரியான பக்கம் அடித்துக்கொண்டிருந்தது. பொழுது சாய்வதற்குள் உளுந்து முழுவதையும் புடைத்து முடித்தோம்.